ஒரு மரம், பல காடுகள்: சியரா நெவாடாவின் ஓக் வனங்களை வகைப்படுத்துவது எப்படி?

தென் ஸ்பெயினில், கிரனாடா நகரின் தென்கிழக்கே, கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது சியரா நெவாடா மலைத்தொடர். அதன் உச்சியான முலாசென் 3,479 மீட்டர் உயரம். அங்கிருந்து மத்தியதரைக் கடல் சுமார் 35 கிலோமீட்டர் தூரம்தான். கீழே கடற்கரையில் அவகாடோவும், நம் சீத்தாப்பழத்துக்கு உறவான செரிமோயாவும் விளைகின்றன. மேலே ஆண்டில் பல மாதம் பனி கிடக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட சரிவுகளில் நிற்பவை ஓக் காடுகள்.

ஓக் தமிழகக் காடுகளில் இயல்பாக வளரும் மரம் அல்ல. அகராதிகள் அதைக் கருவாலி என்கின்றன, பேச்சில் ஓக்தான். தாவரவியலில் அது குவெர்க்கஸ் என்ற பேரினம். சின்னக் கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும் முட்டை போன்ற அதன் கொட்டையைப் பார்த்தால் ஓக் மரத்தை யாரும் கண்டுகொள்ளலாம். ஓக் காட்டைக் கண்டுகொள்வது அவ்வளவு எளிதல்ல. ஒரு சரிவில் நிற்கும் ஓக் மரங்களைக் காட்டி, “இது எந்த வகைக் காடு?” என்று கேட்டால், இருநூறு ஆண்டுகளாக வெவ்வேறு பதில்கள் வந்திருக்கின்றன. உயரத்தை வைத்து ஒரு பதில். மரத்தடியில் வளரும் செடிகளை வைத்து ஒரு பதில். வெப்பத்தையும் மழையையும் கணக்கிட்டு ஒரு பதில். சட்டப் பட்டியலைப் பார்த்து இன்னொரு பதில்.

இது ஏட்டோடு நின்றுவிடும் கேள்வி அல்ல. ஒரு காடு எந்த வகையாகப் பதிவாகிறதோ, அதற்கேற்பத்தான் அதன் பாதுகாப்பும் பராமரிப்பும் அமைகின்றன. சியரா நெவாடாவின் ஓக் காடுகளை எப்படி வகைப்படுத்தினார்கள், அந்த வகைப்பாடு எதைப் பிடித்தது, எதைத் தவறவிட்டது என்று இந்தக் கட்டுரை ஆராய்கிறது.

ஐந்து ஓக்குகள்

இந்த மலைப் பகுதியின் காடுகளைப் புரிந்துகொள்ள ஐந்து ஓக் இனங்களை அறிந்தால் போதும்.

முதலாவது என்சினா. பசுமை மாறாத மரம். கோடை வறட்சி, குளிர்காலப் பனி இரண்டையும் தாங்கும். ஆடு எட்டும் உயரத்தில் உள்ள அதன் இலைகளின் விளிம்பில் முட்கள் இருக்கும். உச்சிக் கிளை இலைகளில் பெரும்பாலும் இருக்காது. இலையைத் திருப்பினால் வெண்சாம்பல் நிறத்தில் மெல்லிய ரோமப் படலம் தெரியும். இலைத்துளைகள் வழியே நீர் வீணாகாமல் காப்பது அந்தப் படலம். இதன் கொட்டை கசப்பு குறைந்தது. மக்கள் வறுத்துத் தின்றிருக்கிறார்கள். கொட்டையைக் குறிக்கும் ‘பெயோத்தா’ என்ற ஸ்பானியச் சொல் ‘பல்லூத்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது.

இரண்டாவது கொஸ்கோஹா. ஆளுயரப் புதராக, தாழ்ந்த வறண்ட சரிவுகளில் வளர்வது. இதில் ஒட்டி வாழும் கெர்மெஸ் என்ற செதில்பூச்சியிலிருந்துதான் பழைய ஐரோப்பா சிவப்புச் சாயம் எடுத்தது. மூன்றாவது அல்கோர்னோக்கே. நாம் புட்டி மூடும் கார்க்கைத் தரும் மரம். சுண்ணாம்பு மண் அதற்கு ஆகாது. நான்காவது கெஹிகோ. சற்று ஈரமான இடங்களில், இந்த மலையில் குறைந்த அளவில் நிற்பது.

ஐந்தாவது மெலோஹோ. இலையுதிர் மரம். ஆழமாக வெட்டுப்பட்ட அதன் இலையின் அடிப்புறத்தைத் தடவினால் வெல்வெட் துணியைத் தொட்டது போலிருக்கும். இலையுதிர் காலத்தில் இலை காய்ந்துவிடும். ஆனால் உடனே உதிராது. குளிர்காலம் முழுக்கப் பழுப்புச் சருகைத் தாங்கியபடியே மரம் நிற்கும். அந்த நாட்களில் எதிர்மலையிலிருந்து பார்த்தால் கரும்பச்சை என்சினா காட்டுக்கு மேலே பழுப்புப் பட்டையாக மெலோஹோ காடு தனித்துத் தெரியும்.

உயரத்தை அளந்தவர்கள்

முதல் வகைப்பாடு உயரத்தை வைத்துப் பிறந்தது. ஸ்பானியத் தாவரவியலாளர் சிமோன் தெ ரோஹாஸ் கிளெமெந்தே 1804–05 ஆண்டுகளில் காற்றழுத்தமானியுடன் இந்த மலைகளில் ஏறி, எந்தச் செடி எந்த உயரத்தில் தொடங்குகிறது, எங்கே நின்றுபோகிறது என்று குறித்தார். ஆண்டீஸ் மலைகளில் ஜெர்மானிய இயற்கையியலாளர் ஹம்போல்ட் செய்த வேலையை ஒத்தது அது. 1837இல் ஜெனீவாவிலிருந்து வந்த எட்மோன் புவாசியே, மலையின் தாவரங்களை உயர மண்டலங்களாகப் பிரித்து விரிவான நூலாக வெளியிட்டார்.

இருபதாம் நூற்றாண்டில் சல்வதோர் ரீவாஸ் மார்த்தினெஸ் இந்த உயரக் கணக்கைத் தட்பவெப்பக் கணக்காக மாற்றினார். ஆண்டின் சராசரி வெப்பம், மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரி உச்ச வெப்பம், அதே மாதத்தின் சராசரி தாழ்ந்த வெப்பம் ஆகிய மூன்றையும் கூட்டிப் பத்தால் பெருக்கினால் ஓர் எண் வரும். அந்த எண்ணை வைத்து மத்தியதரை மலைகளை அடுக்குகளாகப் பிரித்தார். சியரா நெவாடாவில் அப்படி ஐந்து அடுக்குகள் உண்டு. கீழ் மூன்று அடுக்குகளில்தான் ஓக் இருக்கிறது. அதற்கு மேலே படர்ந்து வளரும் ஜூனிபரும் முட்புதர்களும். அதற்கும் மேலே புல்லும் பாறையும்.

உயரம் உண்மையில் பலவற்றைச் சொல்கிறது. ஆனால் எல்லாவற்றையும் சொல்வதில்லை. சியரா நெவாடாவுக்குத் தெற்கே, கடலை நோக்கி நிற்கும் கொந்த்ராவியேசா மலையில் ஆசா தெல் லீனோ என்ற இடம் இருக்கிறது. அங்கே சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் கார்க் ஓக் காடு நிற்கிறது. ஐரோப்பாவின் மிக உயரமான கார்க் காடுகளில் ஒன்று. கார்க் ஓக் பொதுவாகத் தாழ்ந்த, மிதமான இடங்களுக்கு உரிய மரம். அதை அவ்வளவு உயரத்தில் வாழவைப்பவை சுண்ணாம்பு இல்லாத மண்ணும், கடலிலிருந்து ஏறிவரும் ஈரக்காற்றும். உயர அட்டவணையை மட்டும் கையில் வைத்திருப்பவர் அந்தக் காட்டை எதிர்பார்த்திருக்க முடியாது.

தரையைப் படிக்கும் முறை

இரண்டாவது வழி, மரத்தைவிட்டு அதன் காலடியைப் பார்ப்பது. சுவிட்சர்லாந்தில் பிறந்து பிரான்சின் மோன்பெலியே நகரில் பணியாற்றிய யோசியா ப்ரவுன்-பிளாங்கே (1884–1980) இந்த முறையை நிலைநிறுத்தினார். மத்தியதரைக் காடுகளை வகைப்படுத்தும் வேலை இன்றும் பெரும்பாலும் அவர் போட்ட பாதையிலேயே நடக்கிறது.

களத்தில் வேலை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் அருகே சென்று பார்ப்போம். ஆய்வாளர் காட்டுக்குள் ஒரே சீரான துண்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். முதலில் சிறிய கட்டம் ஒன்றைப் போட்டு, அதிலுள்ள எல்லாச் செடிகளையும் எழுதுகிறார். பிறகு கட்டத்தை இருமடங்காக்குகிறார். புதிதாக வந்த செடிகளைச் சேர்க்கிறார். மறுபடி இருமடங்கு. ஒரு கட்டத்தில் பரப்பு கூடினாலும் புதுப்பெயர் கூடுவது ஏறத்தாழ நின்றுவிடும். காட்டில் இது பெரும்பாலும் சில நூறு சதுர மீட்டரில் நிகழும். அதன்பின் ஒவ்வொரு செடிக்கும் ஒரு மதிப்பெண். முக்கால் பங்குக்கு மேல் தரையை மூடினால் 5. பாதி முதல் முக்கால் வரை 4. கால் முதல் பாதி வரை 3. ஐந்து விழுக்காட்டுக்கு மேல் கால் பங்கு வரை 2. அதற்கும் குறைந்தால் 1. அங்கொன்று இங்கொன்று என்றால் ஒரு கூட்டல் குறி.

இப்படிப் பல இடங்களின் பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரிசைகளை முன்னும் பின்னும் மாற்றி அடுக்கிக்கொண்டே போனால், சில செடிகள் எப்போதும் சேர்ந்து வருவது கண்ணுக்குப் புலப்படும். அப்படிச் சேர்ந்து வரும் கூட்டத்துக்குத் தாவரச் சமூகம் என்று பெயர். முன்பு கையால் செய்த இந்த அடுக்கலை இன்று கணினி செய்கிறது.

ஒரே மரம், இரண்டு காடுகள்

சியரா நெவாடாவின் என்சினா காடுகளுக்கு இந்த முறையைப் பொருத்தியபோது தெளிவான முடிவு கிடைத்தது. மலையின் நடுப்பகுதி அபிரகம் மினுங்கும் தகட்டுப் பாறை. அதில் சுண்ணாம்பு இல்லை. அதைச் சுற்றி வளையம் போல் சுண்ணாம்புக்கல்லும் டோலமைட்டும். இரண்டின் மீதும் நிற்பது அதே என்சினாதான். தூரத்திலிருந்து இரண்டும் ஒன்றே.

காலடியில்தான் வேறுபாடு. சுண்ணாம்புக்கல் மீதுள்ள காட்டில் பெர்பெரிஸ் முட்செடி நிற்கும். அதனுடன் ஜூனிபர், கொஞ்சம் தாழ்ந்த இடங்களில் பெரிய பூப் பூக்கும் பியோனி. அபிரகப் பாறை மீதுள்ள காட்டில் இவற்றின் இடத்தை அடெனோகார்ப்பஸ் என்ற மஞ்சள் பூப் புதர் பிடித்துக்கொள்ளும். பட்டை உரிந்து தொங்கும் அந்தப் புதரை உள்ளூர் மக்கள் ராஸ்காவியேஹா என்பார்கள். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் வேர் முடிச்சுகள் காற்றின் தழைச்சத்தை மண்ணில் சேர்ப்பவை.

எனவே வகைப்பாட்டில் இவை இரண்டு தனித்தனிக் காடுகள். பெயரிடும் முறையும் அதையே சொல்கிறது. மரத்தின் பேரினப் பெயரோடு ‘எட்டும்’ என்ற லத்தீன் ஈற்றைச் சேர்த்துக் ‘குவெர்செட்டும்’ என்பார்கள். முன்னால் துணைச்செடியின் பெயர் வரும். ஒன்று பெர்பெரிஸ் குவெர்செட்டும், மற்றது அடெனோகார்ப்பஸ் குவெர்செட்டும்.

இதை வெறும் பெயர்சூட்டல் என்று ஒதுக்க முடியாது. அந்தப் புதர்கள் வேறொரு வேலையும் செய்கின்றன. கிரனாடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே மலையில் மரக்கன்றுகளை வெட்டவெளியிலும் புதரடியிலும் நட்டுப் பார்த்தார்கள். பழைய வனவியல், புதரைக் களையாக எண்ணி வெட்டியெறிந்துவிட்டுத்தான் கன்று நடும். ஆனால் புதர் நிழலில் நட்ட கன்றுகளே அதிகம் பிழைத்தன. மத்தியதரைக் கோடையில் கன்றைக் கொல்வது வெயில். புதர் குடை பிடிக்கிறது. ஆட்டின் வாயிலிருந்தும் முள் காக்கிறது. ஆக, காட்டின் வகையைச் சொல்லும் செடியே அந்தக் காட்டை வளர்த்தெடுக்கும் செவிலியாகவும் இருக்கிறது. எந்தப் புதர் எந்தக் காட்டுக்கு உரியது என்று தெரிந்தவரால்தான் அழிந்த காட்டை மீட்க முடியும்.

பொருந்தாத இரண்டு பெயர்கள்

இனி மெலோஹோவுக்கு வருவோம். வகைப்பாட்டின் வலிமையும் பலவீனமும் ஒருசேரத் தெரிவது இங்கேதான்.

இதன் அறிவியல் பெயர் குவெர்க்கஸ் பைரேனைக்கா. பிரெனீஸ் மலையின் ஓக் என்று பொருள். ஆனால் பிரெனீஸ் மலையில் இந்த மரம் மிக அரிது. இது பரவியிருப்பது ஐபீரியத் தீபகற்பத்தின் மேற்கிலும் நடுவிலும். மரத்துக்கு வாய்த்த பெயரே ஊர் தவறியது.

காட்டின் பெயரும் அப்படியே. ஐரோப்பிய ஒன்றியம் 1992இல் வாழிட ஆணை ஒன்றை இயற்றி, பாதுகாக்க வேண்டிய வாழிடங்களுக்கு எண்கள் கொடுத்தது. என்சினா காடு 9340, கார்க் காடு 9330, கெஹிகோ காடு 9240. சியரா நெவாடாவின் மெலோஹோ காடுகள் 9230 என்ற எண்ணில் சேர்ந்தன. அந்த எண்ணுக்குரிய தலைப்பு ‘கலீசிய–போர்த்துகீசிய ஓக் காடுகள்’. கலீசியா ஸ்பெயினின் வடமேற்கு மூலை. அட்லாண்டிக் மழை ஆண்டு முழுதும் நனைக்கும் பகுதி. சியரா நெவாடா தென்கிழக்கில், கோடையில் மாதக்கணக்காக மழை காணாத மலை. இரண்டும் ஒரே தலைப்பின் கீழ்.

இந்தச் சேர்க்கையால் ஒரு நன்மை உண்டு. சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. ஆனால் மழை மிகுந்த கலீசியக் காட்டில் எது ஆரோக்கியமான நிலையோ அதையே அளவுகோலாக வைத்தால், தென்கோடியில் நிற்கும் காடு எப்போதும் நோயாளியாகவே தெரியும். தாவரச் சமூக ஆய்வாளர்கள் இரு காடுகளின் வேறுபாட்டை முன்பே உணர்ந்துதான், இந்த மலையின் மெலோஹோ காட்டையும் அடெனோகார்ப்பஸ் புதரின் பெயரால் தனிச் சமூகமாகப் பிரித்தார்கள். அவர்கள் பிரித்ததைச் சட்டப் பட்டியல் மறுபடி ஒன்றாக்கிவிட்டது.

மெலோஹோ இந்த மலையில் தொடர்ச்சியான காடாக இல்லை. அபிரகப் பாறைச் சரிவுகளில், சுமார் 1,100 முதல் 2,000 மீட்டர் வரை, எட்டுத் திட்டுகளாக ஒதுங்கியிருக்கிறது. வடக்கே கமராத்தே, வடமேற்கே ஹெனில், மொனாச்சில், தீலார், தூர்கால் ஆற்றுப் பள்ளத்தாக்குகள், தெற்கே கான்யார், பொகேய்ரா, த்ரெவேலெஸ். மலையடிவாரத்துப் பாதூல் சதுப்பில் அடுக்கடுக்காகப் படிந்த மகரந்தம், பனியூழிக்குப் பிந்தைய ஈரமான ஆயிரமாண்டுகளில் இலையுதிர் ஓக் செழித்து, வறட்சி கூடக்கூடச் சுருங்கியதைக் காட்டுகிறது. இன்று காணும் எட்டுத் திட்டுகள் அந்தச் சுருக்கத்தின் எச்சம்.

வாய்க்காலும் காடும்

இங்கே ஒரு கணக்கு இடிக்கிறது. மெலோஹோவுக்கு ஆண்டில் குறைந்தது 650 மில்லிமீட்டர் மழை வேண்டும். கோடையில் மட்டும் 100 முதல் 200 மில்லிமீட்டர் வேண்டும் என்று நூல்கள் சொல்கின்றன. தெற்குச் சரிவின் கோடை அவ்வளவு தருவதில்லை. பிறகு கான்யார் காடு எப்படிப் பிழைக்கிறது?

ஒரு பகுதி விடை மலையின் வாய்க்கால்களில் இருக்கிறது. இந்தப் பகுதி இஸ்லாமிய ஆட்சியில் இருந்த அல்-அந்தலூஸ் காலத்தில் இஸ்லாமியக் குடிகள் வெட்டிய இவற்றை அசெக்கியா என்பார்கள். இதுவும் அரபு வழிச் சொல். அவற்றில் ஒரு வகை ‘கரேயோ’ வாய்க்கால். வசந்தத்தில் பனி உருகும்போது ஆற்றின் தலைப்பகுதியிலிருந்து நீரைத் திருப்பி, மண்ணால் ஆன வாய்க்கால் வழியே சரிவின் குறுக்கே கொண்டுசெல்வார்கள். வயலுக்கு அல்ல, நீர் நன்றாக இறங்கும் இடங்களில் வேண்டுமென்றே மண்ணுக்குள் விட்டுவிடுவார்கள். உடைந்த அபிரகப் பாறையின் இடுக்குகளில் மெல்ல ஊர்ந்த நீர், வாரங்கள் மாதங்கள் கழித்து, கோடையின் நடுவில் கீழுள்ள ஊற்றுகளில் தலைகாட்டும். எந்த மடையை எந்த நாளில் திறப்பது என்று அறிந்த நீர்க்கட்டி ஒருவர் ஊருக்கு உண்டு. மக்கள் இந்த வேலையை ‘நீர் விதைப்பது’ என்கிறார்கள்.

விதைத்த நீரில் ஊற்றுக்கு முன் பங்கு பெறுபவை சரிவின் வேர்கள். வாய்க்கால் ஓரமாகவே பச்சைக் கோடு போல மரங்கள் நிற்பது அதனால்தான். 2005, 2012 வறட்சிகளின் தடம் மெலோஹோவின் வளர்ச்சி வளையங்களில் திட்டுக்குத் திட்டு வேறுபட்டிருக்கிறது. ஒரே இனம், ஒரே மலை, ஒரே வறட்சி. ஆனால் பாதிப்பு ஒன்றல்ல. மழைமானியின் எண்ணை மட்டும் வைத்து வகைப்படுத்தினால் இந்த வேறுபாடு பிடிபடாது. வாய்க்கால் எங்கே ஓடுகிறது என்பதையும் கேட்க வேண்டும்.

கோடரியும் பைனும்

மனிதக் கை நீர் கொடுத்ததோடு நிற்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அருகிலுள்ள காதோர் மலையின் ஈயச் சுரங்கங்கள் உலைக்கு விறகு கேட்டன. அந்த மலையின் என்சினா காடுகள் அதில் எரிந்துபோயின. சியரா நெவாடாவின் ஊர்களும் கரிக்கும் விறகுக்கும் மெலோஹோவை வெட்டின.

வெட்டிய மெலோஹோ சாவதில்லை. அடிக்கட்டையிலிருந்தும், கிடையாக ஓடும் வேரிலிருந்தும் மறுதாம்பு விடும். இன்றைய காட்டில் ஒரு பழைய கட்டையைச் சுற்றிப் பார்த்தால், கைப்பிடிப் பருமனில் பல தண்டுகள் வட்டமாக நிற்கும். தனித்தனி மரங்கள் போலத் தோன்றும். மண்ணுக்குக் கீழே அவற்றில் பலவற்றுக்கும் ஒரே வேர். எல்லாம் ஒரே வயது, ஒன்றோடொன்று போட்டி, கொட்டை குறைவு. விதையிலிருந்து எழுந்த காடும், வெட்டுக்குப் பின் தழைத்த காடும் தாவரப் பட்டியலில் ஒன்றாகவே பதிவாகும். மேற்பார்வை செய்ய வேண்டியவருக்கோ அவை இரண்டும் வேறு. முதலாவதை விட்டுவிடலாம். இரண்டாவதில் தண்டுகளைக் கலைத்து, சிலவற்றைப் பெருமரமாக வளர்க்க வேண்டும்.

பிறகு பைன் வந்தது. அரிக்கப்பட்ட சரிவுகளைக் காக்க இருபதாம் நூற்றாண்டில் பெரும் பரப்பில் பைன் நட்டார்கள். வரைபடத்தில் அவை ‘பைன் தோட்டம்’. ஆனால் காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த ஜே பறவை, ஓக் கொட்டைகளைக் கொண்டுபோய்ப் பைன் காட்டின் தரையில் ஒன்றொன்றாகப் புதைத்து வைக்கிறது. மறந்துபோனவை முளைக்கின்றன. மேலே பைன், கீழே முழங்கால் உயரத்தில் என்சினா. இதை எந்த வகையில் சேர்ப்பது? 2005 செப்டம்பரில் இந்த மலையின் லான்ஹரோன் பகுதியில் ஏற்பட்ட தீ ஆயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தை எரித்தது. பைன் தோட்டங்களும் அதில் எரிந்தன. எரிந்த பைன் திரும்பத் தழைக்காது. எரிந்த ஓக் தழைக்கும். கீழே ஓக் இருக்கிறதா இல்லையா என்பதுதான் தீக்குப் பின் அந்தச் சரிவின் விதி. வரைபடத்தின் ஒற்றைச் சொல் அதை மறைத்துவிடுகிறது.

முடிவாக

ப்ரவுன்-பிளாங்கேயின் முறை, சீரான நல்ல துண்டைத் தேடிப் போகும் முறை. ரீவாஸ் மார்த்தினெஸ் தன் தட்பவெப்ப அடுக்குகளை ஒட்டி வரைந்த தாவர வரைபடம், மனிதன் கைவைக்காமல் இருந்தால் எந்தக் காடு நின்றிருக்கும் என்பதைச் சொல்லும் வரைபடம். இரண்டும் இல்லாமல் இந்த மலையை நாம் புரிந்திருக்க முடியாது. பாறையின் குணத்தை ஒரு புதரின் பெயரில் படிக்கக் கற்றுக்கொடுத்தவை அவை. ஆனால் மனிதர்களைக் கழித்துவிட்டுக் கணக்கிட்ட காடு, ஆயிரம் ஆண்டுகளாக மனிதர்கள் நீர் பாய்ச்சியும் வெட்டியும் நட்டும் வந்த மலையில் எங்கும் இல்லை.

ஆகவே சியரா நெவாடாவின் ஒவ்வொரு ஓக் காட்டுக்கும் பதிவேட்டில் நான்கு தகவல்கள் இருக்க வேண்டும் என்பது என் துணிபு: எந்த மரம், எந்தப் பாறையும் துணைச்செடியும், எங்கிருந்து நீர், யார் கை பட்டது. முதல் இரண்டை அறிவியல் செம்மையாகச் செய்திருக்கிறது. மூன்றாவதையும் நான்காவதையும் அறிந்தவர்கள் மலையூர்களில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் முதியவர்கள். இந்த மலை 1986இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் 1999இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. காட்டுக்குக் கிடைத்த அந்தக் காப்பு அதற்கு நீர் கொடுக்கும் மண் வாய்க்காலுக்கும் அதே ஏட்டில், அதே வரியில் கிடைக்க வேண்டும். கான்யாரின் மடையைத் திறக்க ஆள் இல்லாமல் போனால், அங்குள்ள காட்டின் வகையும் மாறிவிடும்.